பிரிக்காத பொட்டலம்

காலையில் ஐந்தரைக்கு எழுந்து ஒன்பது மணிக்குள் ஒரு எபிசோடு முடித்துவிடுவது என் பழக்கம். இருபத்தெட்டு வருஷமாக இதில் பெரிய மாற்றம் இல்லை. காய்ச்சலில் எழுதியிருக்கிறேன். தேர்தலன்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்து எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் எழுதாமல் பாப்பாரப்பட்டியில் பஸ் ஏறி உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அரை மணி நேரம் நான் திக்கித் திணறியதைக் கேட்டுவிட்டு, "எழுதற தொழில்ல இருக்கறவரு, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார்" என்று வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். நல்ல யோசனைதான் மேடம். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது.

பெயர் அறிவழகன். வயது ஐம்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதுவரை பதினான்கு டி.வி. தொடர்கள், ஆறாயிரத்துச் சொச்சம் எபிசோடுகள் எழுதியிருக்கிறேன். மாமியார் மருமகள் கதை ஐந்து, துப்பறியும் கதை மூன்று, பேய்க்கதை இரண்டு, சிரிப்புத் தொடர் இரண்டு, போலீஸ் கதை ஒன்று, பக்தித் தொடர் ஒன்று. சென்னையில் பன்னிரண்டு வருஷம் இருந்தேன். பிறகு ஊருக்கே திரும்பிவிட்டேன். எழுதுவதை போனில் அனுப்பினால் போதும் என்று காலம் மாறிவிட்டது. அமைதிக்காகத் திரும்பினேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அமைதி எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது பேச்சு.

பேட்டி எடுக்க வருகிறவர்கள், இத்தனை விதமாக எப்படி எழுத முடிகிறது என்று கேட்பார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மை என்னவென்றால் எனக்குக் கற்பனை கிடையாது. கதை வரும். கதை யாருக்கும் வரும். ஆனால் நெஞ்சு வெந்துபோன ஒரு பெண் என்ன பேசுவாள், ஏமாந்துபோன அண்ணன் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பான் என்பது எனக்குத் தெரியாது. யோசித்து எழுதினால் கட்டையாக இருக்கும். முதல் தொடரில் அண்ணன் தம்பி பிரியும் காட்சியை ஆறு முறை எழுதினேன். "என்ன சார், நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கு" என்று டைரக்டர் தாளை மேசையில் போட்டார்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது எங்கள் பக்கத்துத் தோட்டத்து மாதப்பனைப் பார்த்தேன். அவனும் அவன் தம்பியும் ஒரே கிணறு, ஒரே தண்ணீர். பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுபோவதும் ஒரே டெம்போவில். வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, தம்பி கிணற்றுப் பங்கை வெளியாளுக்கு விற்கப் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று சொன்னேன். அப்படி யாரும் பேசவில்லை. நான் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதையெல்லாம் அவர்களே பேசினார்கள்.

"ஒரே வட்டல்ல சோறு தின்னோம்டா. இப்ப ஒங்கெணத்துல எம்மாடு வாய வெச்சா ஒனக்கு எச்சியா போயிடுச்சா?"

மாதப்பன் தம்பியிடம் இப்படிக் கத்தியதை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்டேன். எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும் எனக்கு இது வந்திருக்காது. அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அடுத்த தொடர் கிடைத்தது. ஊர் இரண்டுபட்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்று உங்களுக்கே தெரியும். அண்ணனும் தம்பியும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. கிணற்றுக்குக் குறுக்கே சுவர் வைத்திருக்கிறார்கள். மனதில் ஏற்கெனவே இல்லாதது என் ஒரு வாக்கியத்தால் வந்துவிடுமா என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

துப்பறியும் தொடருக்கு வேறு மாதிரிப் பேச்சு தேவைப்பட்டது. சந்தேகப்படுகிறவர்கள் நேராகப் பேச மாட்டார்கள். எதிர் வீட்டுக் கண்ணம்மாள் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது தோட்டைக் கழற்றி ஜன்னலில் வைப்பாள். அதை எடுத்து என் பேனாப் பெட்டியில் ஒன்பது நாள் வைத்திருந்தேன். பத்தாம் நாள் அதே ஜன்னலில் வைத்துவிட்டேன். நகைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது நாளில் எட்டாம் நாளே மருமகள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் எடுக்கலன்னு எத்தினி தடவ சொல்லணும் அத்த? எண்ணிச் சொல்லுங்க. அத்தினி தடவ சொல்லிட்டு எங்கூட்டுக்குப் போறேன்."

போனவள் போனவள்தான். தோடு கிடைத்ததும் ஆள் அனுப்பினார்கள். அவள் திரும்பி வரவில்லை. பேய்க்கதைக்கு நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம். அதில் பயந்து விழுந்த பெரியவருக்கு முன்பே நெஞ்சுவலி இருந்தது என்று அவர் மகனே சொன்னான்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன் என்று நீங்கள் நினைக்கலாம். தொட்டிலை ஒழுங்காகவே ஆட்டியிருக்கிறேன். மாதப்பன் வீட்டுப் பஞ்சாயத்துக்கு இரண்டு முறை நடுவே உட்கார்ந்தேன். பெரியவரை என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஊரில் என்னை நல்லவன் என்றுதான் சொல்வார்கள், நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

இதெல்லாம் முன்கதை. நான் சொல்ல வந்தது என் தங்கை கோவிந்தம்மாளைப் பற்றி.

என்னைவிட ஆறு வயது சின்னவள். புருஷன் இறந்தபிறகு மகள் யுவராணியை அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். அரை ஏக்கரில் சாமந்தி போட்டாள். எனக்கு மூன்று வேளையும் சமைத்தாள். நான் எழுதுகிற நேரத்தில் வாசலில் கோழி கத்தினால்கூட, "அண்ணன் எழுதுது, அங்குட்டுப் போ" என்று கோழியிடம் சொல்லி விரட்டுவாள். யுவராணியை பாலக்கோட்டில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு உலகத்தில் பிடித்த மனுஷி அவள் ஒருத்திதான்.

போன ஆடியில் அவளுக்கு நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. சேலத்தில் காட்டினோம். இருதய வால்வு பழுது, ஆபரேஷன் செய்து மாற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நன்றாக இருக்கிறார்கள், செய்யாவிட்டால் மாசக் கணக்குதான் என்றார் டாக்டர். யுவராணிக்கு அப்போது ஐந்து மாசம். உடனே ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் அவசரப்படுத்தினாள். கோவிந்தம்மாளுக்கு நெஞ்சைப் பிளப்பார்கள் என்ற பயம். "அம்மன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் படுக்கறேன்" என்றாள்.

எங்கள் வகையறாவில் பெரிய காரியம் எதற்கும் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரிக் கட்டி அம்மன் முன்னால் வைக்க வேண்டும். கோயிலுக்கு வந்த ஏதாவது குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். பெண்ணுக்காகக் கேட்டால் பொட்டலத்தை அவளுடைய கூடப்பிறந்தவன்தான் கட்ட வேண்டும். எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அதைக் கட்டியவனே கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

அதே வாரம்தான் என் பக்தித் தொடர் முடிந்துபோகிற நிலையில் இருந்தது. பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், நாலு வாரத்தில் ஏதாவது நடக்காவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று சேனலில் சொல்லிவிட்டார்கள். கதாநாயகி அம்மனிடம் உயிரைக் கேட்கிறாள், அம்மன் இல்லை என்கிறாள். காட்சி இதுதான். ஏழு முறை எழுதினேன். ஏழும் வசனமாக இருந்தது, பேச்சாக இல்லை.

ஆடிக் கடைசி வெள்ளி காலையில் பூப்பறிக்க வேலிப்பக்கம் போனேன். முதலில் சிவப்பைக் கட்டினேன். பிறகு வெள்ளைப் பூவைக் கையில் எடுத்தேன். குழந்தை வெள்ளையை எடுத்துவிட்டால் கோவிந்தம்மாள் என்ன செய்வாள் என்று யோசித்தேன். கும்பிட்டுவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். சம்மதம் கிடைத்தவர்கள் பேச மாட்டார்கள் மேடம். வெள்ளைப் பூவைச் செடியடியிலேயே போட்டுவிட்டு, இரண்டாவது பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அவளிடம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். நான்தான் தப்பாகக் கட்டிவிட்டேன், இன்னொரு முறை பார்க்கலாம் என்று சொன்னால் முடிந்தது. ஒரு பகல் பொழுது விஷயம். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

கோயிலில் ஒரு குழந்தை எடுத்துக் கொடுத்ததைப் பூசாரி பிரித்தார். சிவப்பு. "அது வெறும் பூவும்மா" என்று யுவராணி கத்தினாள். கோவிந்தம்மாள் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்கள், நான் அம்மனிடம் பேச வேண்டும் என்றாள். பொட்டலத்தைத் தண்ணீரில் விடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். கருவறைச் சுவரில் காற்றுக்கு விட்ட ஓட்டை ஒன்று உண்டு. போனில் பதிவைப் போட்டு அந்த ஓட்டையில் வைத்தேன். அவள் பேசியது பதினோரு நிமிஷம். கொஞ்சம் இங்கே எழுதுகிறேன்.

"நான் பெருசா ஒன்னும் கேக்கல தாயே. எம்பொண்ணுக்குத் தலப்பிரசவம். கூட இருந்து ஒரு வேள வெந்நி வெச்சி ஊத்தணும்னு கேட்டேன். வேணாங்கற. செரி. நீ சொன்னா நான் எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனா நீயும் பொம்பளதான, ஒன்னு மட்டும் கேளு. கடேசில எங்கண்ணன் கண்ணு முன்னால என்னய இழுத்துக்கிட்டுக் கெடக்க வெக்காத. அது தாங்காது. வெளிய சொல்லாது, ஆனா தாங்காது."

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதே சமயம், 'அண்ணன்' என்பதை 'புருஷன்' என்று மாற்றிவிட்டால் அப்படியே பொருந்தும் என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றின. எது முதலில் என்று இப்போது சொல்ல முடியவில்லை. பொட்டலத்தை வாய்க்காலில் விட்டேன்.

சாயங்காலம் சொல்லத்தான் போனேன். அவள் சோளமாவில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"மனசு லேசாயிடுச்சிண்ணா. இத்தினி நாளா பயந்துக்கினே இருந்தேன். இப்ப அவளே வேணான்னுட்டா, இனிமே எனக்கென்னா பயம்? நீ உக்காரு, சூடா சாப்புடு."

அப்படி நிம்மதியாக இருக்கிறவளிடம் போய் என்ன சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று சாப்பிட உட்கார்ந்தேன். மறுநாள் அந்தக் காட்சியை அனுப்பினேன். சேனலில் இருந்து போன் வந்தது. இதே மாதிரி இன்னும் வேண்டும், சாவுக்கு நாள் குறித்துவிட்ட ஒரு பெண் வீட்டில் எப்படி இருப்பாள், மகளிடம் என்ன பேசுவாள், மூன்று வாரத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அது எனக்கு எப்படித் தெரியும்? அவள் அடுப்படியில் இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

யுவராணி மூன்று முறை வந்தாள். "மாமா, நீங்க ஒரு வார்த்த சொன்னா அம்மா கேக்கும். சேலத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன், நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க" என்று என் காலடியில் உட்கார்ந்தாள். அம்மன் வாக்குக்கு மேல் நான் என்ன சொல்வது என்று சொன்னேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன்.

கோயில் காட்சி ஒளிபரப்பானபோது கோவிந்தம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அந்த நடிகை நன்றாகவே செய்திருந்தாள். முடிந்ததும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் உள்ளுக்குள்ள பேசனது ஒனக்கு எப்படிண்ணா தெரிஞ்சிது? கூடப்பொறந்ததுன்னா சும்மாவா" என்றாள். அவள் வாழ்க்கையிலேயே என்னைப் பாராட்டியது அன்றைக்கு மட்டும்தான். என்னைச் செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம். சேலத்துக்கு அன்றைக்குக் கிளம்பியிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று பிறகு டாக்டரே சொன்னார்.

தொடரில் கதாநாயகி சாகக் கூடாது என்று சேனலில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் அம்மனே நர்ஸ் வேஷத்தில் வந்து அவளைக் காப்பாற்றுவதாக எழுதினேன். அதைப் பார்த்த மறுநாள் கால் இரண்டும் வீங்கிப் படுத்திருந்தவள், "அவளுக்கு வந்த மாதிரி எனக்கும் வருவாளாண்ணா?" என்று கேட்டாள்.

"வருவா" என்றேன்.

கார்த்திகை ஒன்பதாம் தேதி பகல் பதினோரு மணிக்கு அவள் போனாள். நாற்பது நிமிஷம் இழுத்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் கேட்டுக்கொண்ட அந்த ஒன்றுகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து யுவராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெந்நீர் வைத்து ஊற்ற மாமியார்தான் இருந்தார். யுவராணி இப்போது கோயில் பக்கமே போவதில்லை. அம்மன் பேரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் அந்தக் காட்சியை மட்டும் போனில் வைத்திருக்கிறாள். குழந்தைக்குப் போட்டுக் காட்டுகிறாள். "பாரு, ஒங்க ஆயா இப்படித்தான் பேசும். தாத்தா எழுதுனது" என்று சொல்கிறாள். அதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தங்கையைக் கொன்றது நான்தான். அம்மன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஏழு மாசமாக நல்லவன் வேஷத்தில் இருக்கிறேன்.

இதைச் சொன்னபோது நீங்கள் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தீர்கள். அப்புறம், "எங்கம்மா அந்த எபிசோடப் பாத்துட்டு ரெண்டு நாளு ஒழுங்காச் சாப்புடல சார்" என்றீர்கள். எந்தச் செக்ஷனில் இதைப் போடுவது என்று ஸ்டேஷன் ரைட்டரிடம் கேட்டீர்கள். அவர் தலையைச் சொறிந்தார். புகார் கொடுக்க ஆள் வேண்டும், இறந்தவளின் ரத்த சம்பந்தம் யாராவது வர வேண்டும் என்றார். என்னை விட்டால் இருக்கிற ஒரே ரத்த சம்பந்தம் யுவராணிதான் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். அவள் நம்பரையும் கொடுத்தேன். ஏட்டு போன் செய்துவிட்டார். பாலக்கோட்டிலிருந்து கிளம்பிவிட்டாளாம், இன்னும் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவாள்.

வீட்டிலேயே வைத்து ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். அவள் சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஸ்டேஷனில் அப்படிப் போக முடியாது. புகார் என்றால் அவள் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் என்ன சொன்னாலும் அதைக் கேட்க வேண்டியவன் நான். பிராயச்சித்தம் என்று ஏதாவது மிச்சம் இருந்தால் எனக்கு இதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், பின்னால் யாராவது தப்பாகப் பேசக் கூடாது. இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் போலீஸ் கதையில், கொலை செய்தவன் செத்தவளின் மகள் முன்னால் ஒப்புக்கொள்கிற இடம் இந்த வாரம் வருகிறது. மகளின் பேச்சு மட்டும் இன்னும் எழுதவில்லை. அதற்கும் நான் இங்கே வந்ததற்கும் சம்பந்தம் கிடையாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தாள்களை நீங்களே சத்தமாக அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். நான் ஜன்னலோரம் அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கிருந்து அவள் முகமும் தெரியும், குரலும் கேட்கும். அவள் பேச ஆரம்பித்தால் யாரும் சமாதானம் சொல்லப் போகாதீர்கள் மேடம். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். முழுதாகப் பேசி முடிக்கட்டும்.